எண் இல்லாத அறைக்கு என்ன உத்தரவாதம்?

சொகுசுக் கப்பல் டிக்கெட்டில் ‘கியாரண்டி’ என்று இருந்தால் எது உறுதி, எது உறுதியில்லை? ‘உங்கள் அறையை உயர்த்திக்கொள்ளலாம்’ என்று வரும் மின்னஞ்சலுக்குப் பின்னால் என்ன கணக்கு ஓடுகிறது? பள்ளி விடுமுறைக்குக் கப்பல் பார்க்கும் பினாங்குக் குடும்பங்களுக்காக ஓர் அலசல்.

காலை ஏழு மணி. பாடாங் கோத்தா லாமா கடற்கரைச் சுவரோரம் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையையும் விக்டோரியா மணிக்கூண்டையும் பொம்மையாக்கிவிட்டு, வெள்ளை அடுக்குமாடி ஒன்று கடல்மேல் ஊர்ந்து ஸ்வெட்டன்ஹாம் துறையை நெருங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பல். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சிறுசிறு ஜன்னல்கள். அதற்கு மேல் வரிசை வரிசையாகப் பால்கனிகள். ஒன்றில் ஈரத் துண்டு காய்கிறது. இன்னொன்றில் காப்பிக் கோப்பையோடு ஒருவர் பினாங்கு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துறைக்கு வெளியே திரிஷாக்காரர்கள் பிளாஸ்டிக் பூக்களைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறார்கள்.

கரையில் நின்றபடியே யார் பணக்காரர், யார் சிக்கனக்காரர் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். முடியாது. கப்பலின் மலிவான அறைகள் கரைக்குத் தெரிவதே இல்லை. ஜன்னலே இல்லாமல் நடுவயிற்றில் இருக்கின்றன. தெரிகிற பால்கனிகளும் ஏமாற்றும். அடுத்தடுத்த மூன்று பால்கனிகளில் முதலாமவர் எட்டு மாதத்துக்கு முன்பே கப்பல் வரைபடத்தில் விரலை வைத்து இந்த அறைதான் வேண்டும் என்று முழு விலை கொடுத்திருக்கலாம். இரண்டாமவர் ஜன்னலில்லாத அறைக்குப் பணம் கட்டி, கப்பல்காரர்களால் இங்கே நகர்த்தப்பட்டிருக்கலாம். மூன்றாமவர் புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு ஏலம் கேட்டு வென்றிருக்கலாம். மூவருக்கும் ஒரே கம்பிக் கைப்பிடி, ஒரே கடல். மூன்று விலை.

இதைச் சிலர் அதிர்ஷ்டம் என்கிறார்கள், சிலர் ஏமாற்று என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் வாதம். பயணி தன் கையிலிருந்த ஒரு பொருளை விற்றிருக்கிறார்: எங்கே படுப்பது என்று முடிவெடுக்கும் உரிமை. அதற்கு விலையாக டிக்கெட்டில் தள்ளுபடி வாங்கியிருக்கிறார். வியாபாரம் நியாயமானதுதான். ஆனால் தான் எதை விற்றோம் என்பதே விற்றவருக்குத் தெரியாமல் அது நடக்கிறது. அதற்கு முதல் காரணம் ‘கியாரண்டி’, அதாவது உத்தரவாதம், என்ற அந்தப் பெயர்.

வகை உறுதி, அறை உறுதியில்லை

சொகுசுக் கப்பலில் அறைகள் பொதுவாக நான்கு வகை. ஜன்னலில்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னலறை, பால்கனி அறை, சூட். இந்த நான்கையும் தளம், முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று உடைத்து இருபதுக்கும் மேற்பட்ட விலைப் பிரிவுகளாக்கி வைத்திருப்பார்கள். வழக்கமான முன்பதிவில் வரைபடத்தைப் பார்த்து அறை எண்ணைத் தேர்ந்தெடுப்பீர்கள். உத்தரவாத முன்பதிவில் வகையை மட்டும் சொல்வீர்கள்; எண்ணை நிறுவனம் பிறகு போடும். பினாங்குக்கு அடிக்கடி வரும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் ரசீதில் இதற்கென்று தனிக் குறியீடுகள் உண்டு: உள்ளறைக்கு இசட்-ஐ, ஜன்னலறைக்கு ஒய்-ஓ, பால்கனிக்கு எக்ஸ்-பி, சூட்டுக்கு டபிள்யூ-எஸ். ரசீதில் அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்காது. அது மறுநாளே வரலாம். புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போதும் வரலாம். வந்தபின் பிடிக்கவில்லை என்றால் பொதுவாக மாற்றித் தரமாட்டார்கள்.

அப்படியானால் உத்தரவாதம் எதற்கு? நீங்கள் பணம் கட்டிய வகைக்குக் கீழே தள்ளமாட்டோம் என்பதற்கு மட்டும். அதே வகை கிடைக்கும், அல்லது அதற்கு மேல். எந்தத் தளம், மின்தூக்கிக்குப் பக்கமா தூரமா, தலைக்கு மேல் நீச்சல்குளமா, ஜன்னலை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகு தொங்குமா என்பதெல்லாம் அந்த வாக்குறுதிக்குள் வராது.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. பாயான் லெப்பாஸிலிருந்து ஏர்ஏசியாவில் கோலாலம்பூருக்குப் போகிறவர் இருக்கைக்குத் தனிக் காசு கட்டாவிட்டால், கணினி கொடுக்கும் இடத்தில் உட்காருகிறார். நடு இருக்கை வந்தால் முணுமுணுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார். ஆனால் விமான நிறுவனம் அதற்கு ‘உத்தரவாத இருக்கை’ என்று பெயர் வைப்பதில்லை. ‘இருக்கை வேண்டுமா, இவ்வளவு கொடுங்கள்’ என்று பச்சையாகக் கேட்கிறது. கப்பலில் நான்கு இரவு தூங்கப்போகும் அறைக்கு அந்தப் பச்சைத்தனம் இல்லை. விட்டுக்கொடுத்ததைப் பெற்றுக்கொண்டதுபோல் காட்டும் பெயர் இருக்கிறது.

காலி அறை ஒரு கசிவு

நிறுவனம் ஏன் தள்ளுபடி கொடுத்து இந்த உரிமையை வாங்குகிறது? கப்பல் கிளம்பிய நிமிடத்தில் காலி அறையின் மதிப்பு பூஜ்யம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடை. அதற்குள்ளே இன்னொன்று இருக்கிறது. கப்பலில் டிக்கெட் என்பது வாசல் மட்டுமே. உள்ளே நுழைந்த பிறகு மதுபானம், சூதாட்டக்கூடம், சிறப்பு உணவகம், இணையம், கரைச்சுற்றுலா என்று காசு போய்க்கொண்டே இருக்கும். ராயல் கரீபியன் குழுமத்தின் 2023 வருமானம் சுமார் 1,390 கோடி அமெரிக்க டாலர். அதில் டிக்கெட்டிலிருந்து வந்தது சுமார் 957 கோடி. மீதி 433 கோடி கப்பலுக்குள்ளும் பிற வகையிலும் வந்தது. பத்தில் மூன்று பங்கு. ஆக ஓர் அறை காலியாகப் போனால் டிக்கெட்டோடு சேர்ந்து அந்த மூன்று பங்கும் போகிறது.

அதனால்தான் இந்தத் தொழிலில் கப்பல் ‘நிறைந்தது’ என்றால் நூறு விழுக்காட்டோடு நிற்பதில்லை. அறைக்கு இருவர் என்று கணக்கிடுவார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையில் பிள்ளைகள் வந்தால் நூறைத் தாண்டும். அதே 2023இல் அந்தக் குழுமத்தின் நிரம்பல் 105 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் இதற்கு ஒரு கூரையும் உண்டு. டைட்டானிக் மூழ்கியதற்குப் பின் 1914இல் முதன்முதலாக எழுதப்பட்டு, பலமுறை திருத்தப்பட்ட பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புக் கலத்தில் இடம் இருந்தாக வேண்டும். ஆபத்து நேரத்தில் பயணிகள் திரள வேண்டிய ஒவ்வொரு கூடுமிடத்துக்கும் இவ்வளவு பேர் என்று வரம்பு இருக்கும். ஒரு பகுதியில் நால்வர் அறைகள் நிரம்பிவிட்டால், அதே பகுதியில் இருவர் அறை காலியாக இருந்தும் ஆளை ஏற்ற முடியாமல் போகலாம். இந்தக் கட்டங்களை நிரப்புகிறவருக்கு இங்கே அங்கே நகர்த்தக்கூடிய காய்கள் தேவை. எண் இல்லாமல் டிக்கெட் வாங்கியவர்கள்தான் அந்தக் காய்கள்.

‘இலவச உயர்வு’ பிறப்பதும் இங்கேதான். சிங்கப்பூரிலிருந்து ஓடிய குவான்டம் வரிசைக் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். சுமார் 2,090 அறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பால்கனி அறைகள். உள்ளறைகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கூட்டமோ மலிவு விலையைத் தேடித்தான் வரும். உள்ளறை தீர்ந்து, பால்கனி தேங்கிக் கிடந்தால் என்ன செய்வது? பால்கனி விலையை ஊரறியக் குறைத்தால் ஏற்கெனவே முழு விலை கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதைவிட உள்ளறை எண் இல்லாத ஒருவரை ஓசைப்படாமல் ஜன்னலறைக்கும், ஜன்னலறைக்காரரைப் பால்கனிக்கும் ஏற்றிவிட்டு, கீழே காலியான உள்ளறையை இன்னொரு முறை விற்பது லாபம். பால்கனியில் உட்கார்ந்து சிரிப்பவருக்கு அது பரிசு. நிறுவனத்துக்கு அது கீழே ஒரு விற்பனை. வஞ்சகம் ஏதும் இல்லை, தாராளமும் இல்லை.

▪ பெட்டிச் செய்தி: நாலு குழப்பம்
உத்தரவாதம்: வகையை நீங்கள் முடிவு செய்வீர்கள், அறையை நிறுவனம். இலவச உயர்வு: யாரும் கேட்டுப் பெற முடியாதது, இட நெருக்கடியின் விளைவு. விலை உயர்வுச் சலுகை: ‘இவ்வளவு கூடுதலாகக் கட்டினால் பால்கனி’ என்று நிறுவனமோ முகவரோ அழைத்துக் கேட்பது, விலை முன்கூட்டியே தெரியும். ஏலம்: விலையை நீங்கள் எழுதுவது, கிடைக்குமா என்பது கடைசிவரை தெரியாது. ஒரு குறிப்பு: அறை எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டியவரையும் சில நேரம் ‘உயர்த்தி’ நகர்த்திவிடுவார்கள். அது வேண்டாம் என்றால் முன்பதிவிலேயே ‘உயர்வு வேண்டாம்’ என்று குறிக்கச் சொல்லலாம்.

பாய் விரித்த காலம்

இந்தத் துறைமுகத்துக்குக் கப்பலின் வர்க்கம் பழைய கதை. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜூலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழர்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. அதன்பின் எம்.வி. சிதம்பரம், 1985 தீவிபத்து வரை. மேல்தட்டில் சில அறைகள். மற்றவர்கள் எல்லாம் தளப் பயணிகள். தள டிக்கெட்டில் எண் கிடையாது. முதலில் ஏறியவர் காற்றோட்டமான இடத்தில் பாயை விரிப்பார்; பின்னால் வந்தவருக்கு இயந்திர அறைச் சூடு. கரையிறங்கும்போதும் வேற்றுமை தொடர்ந்தது. ஜெரெஜாக் தீவில் இருந்த நோய்த்தடுப்பு நிலையத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தளப் பயணிகள்தான். அறை வாங்கியவர் நேரே ஊருக்குள் போனார்.

அந்த ஏற்பாட்டில் போற்ற எதுவும் இல்லை. ஆனால் தள டிக்கெட் வாங்கியவர் தனக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதை அறிந்தே பாயும் தண்ணீர்க் கூஜாவும் கொண்டுவந்தார். இன்றைய பயணி எண் இல்லாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் உறுதியாகிவிட்டது என்ற நினைப்போடு மின்னஞ்சலை மூடுகிறார். அன்றைக்கு எழுத்தறியாதவருக்குத் தெளிவாக இருந்தது, இன்று பட்டதாரிக்கு மங்கலாக இருக்கிறது.

மேலே போனால் மேன்மையா?

‘அதே வகை அல்லது அதற்கு மேல்’ என்ற வாக்கியத்தில் ‘மேல்’ என்பது யாருடைய மேல்? நிறுவனத்தின் விலைப்பட்டியலில் மேல். உடம்புக்கும் தூக்கத்துக்கும் வேறு பட்டியல் உண்டு. ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் இடம் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். விலைப்பட்டியலில் அந்த உள்ளறைதான் அடிமட்டம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். ஆனால் பினாங்கைத் தாண்டி பூக்கெட் பக்கம் போகும்போது, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையான மாதங்களில், அந்தமான் கடல் அப்படி இருக்காது. அப்போது முன்பக்கத்து மேல்தளத்தில் பால்கனி கிடைத்தவருக்கு, வாந்தி மாத்திரையும் சேர்ந்தே கிடைத்திருக்கும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். நாடக அரங்குக்கு அருகே இரவுக் கச்சேரியின் அதிர்வு. முன்முனையில் நங்கூரச் சங்கிலியின் இரைச்சல். இணைப்புக் கதவுள்ள அறையில் பக்கத்துக் குடும்பத்தின் சண்டை முழுவதும். வரைபடத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த அறைகளை முதலில் ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சியது எங்கே போகும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

மிகக் கடுமையாகப் பாதிக்கப்படுவது கூட்டுக் குடும்பம். நம் வீடுகளில் கப்பல் பயணம் என்றால் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், சித்தப்பா வீடு என்று மூன்று தலைமுறை கிளம்பும். மூன்று அறை எடுத்து, மூன்றையும் உத்தரவாதத்தில் போட்டால், மூன்றும் பக்கத்தில் வரும் என்பதற்கு யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆறாம் தளத்தில் முன்னால் ஒன்று, பதின்மூன்றாம் தளத்தில் பின்னால் ஒன்று என்று வரலாம். நள்ளிரவில் பாட்டிக்கு மாத்திரை கொடுக்க முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவற்றை முன்கூட்டியே குறிப்பிட்டுக் கேட்டு வாங்க வேண்டும், உத்தரவாதத்தின் குலுக்கலில் அவை தானாக வந்து விழாது. தனியாகவோ நண்பரோடோ போய், அறையில் தூங்க மட்டுமே வருகிற இளைஞருக்கு இதே ஏற்பாடு அருமையான பேரம். ஒரே தள்ளுபடி, ஒருவருக்கு அது மிச்சம், இன்னொருவருக்கு அது கடன்.

எழுதிப்போடும் விலை

எண் வந்தபின்னும் கதை முடியவில்லை. ‘உயர் வகைக்கு உங்கள் விலையைச் சொல்லுங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். ராயல் கரீபியன் இதை ராயல்அப் என்ற பெயரில் நடத்துகிறது. வேறு பல நிறுவனங்களும் இதேபோல் வைத்திருக்கின்றன. திரையில் ஒரு தொகைக் கோடு, நகர்த்த நகர்த்த ‘பலவீனம்’ என்பதிலிருந்து ‘வலிமை’க்குத் தாவும் ஒரு முள். அந்த முள்ளை வைத்திருப்பவர் விற்பவர் என்பதை மறந்துவிடக் கூடாது. மற்றவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. எத்தனை அறை மீதி என்பதும் தெரியாது. புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் மீன் பேரம் பேசுகிறவருக்குக்கூடக் கூடையில் எத்தனை மீன் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.

கணக்கிலும் ஒரு முடிச்சு. திரையில் தெரிவது தலைக்கு ஒரு விலை. வசூலிப்பது அறையின் முதல் இருவருக்கு. ஓர் உதாரணத்துக்குத் தலைக்கு 400 ரிங்கிட் என்று எழுதினால் தம்பதிக்கு 800. தனியாகப் போகிறவருக்கும் 800தான், ஏனென்றால் அறை இருவருக்கானது. நால்வர் குடும்பத்துக்கும் 800. ஆக ஒரே எண்ணை எழுதிய மூன்று பேரில் தனியாள் தலைக்கு 800, குடும்பம் தலைக்கு 200. ஏற்கப்பட்டதும் அட்டையில் பணம் எடுக்கப்படும். அதன்பின் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சூட்டுக்கு உயர்ந்தால் தினசரி டிப்ஸ் கட்டணமும் கூடும். ஏலம் கேட்பதற்கு முன் அதே பால்கனி இன்று நேர் விலைக்கு எவ்வளவு என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை என்று தெரிந்தால், எண்ணைத் தேர்ந்தெடுத்து நேராகவே வாங்கிவிடலாம். குறைந்தபட்சம் நங்கூரச் சங்கிலியைத் தவிர்த்த மாதிரி ஆகும்.

கரையிலிருந்து பார்த்தால்

பினாங்குக்கு இதில் இரட்டை வேடம். ஒரு பக்கம் கப்பல் வந்துபோகும் துறை. ராயல் கரீபியனும் பினாங்கு துறைமுக நிறுவனமும் சேர்ந்து ஸ்வெட்டன்ஹாமை விரிவாக்க முன்வந்த திட்டத்தில் 400 மீட்டர் அணைதுறை 688 மீட்டராக நீள்வதாகத் திட்டமிடப்பட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பெருங்கப்பல்கள் நிற்பதற்காக. கடைசி அறைவரை நிரப்பும் உத்திகள் வெற்றி பெற்றால், கடைத்தெருவில் இறங்கும் தலைகளும் கூடும். ஜவுளிக்கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் அது நல்ல செய்திதான். மறுபக்கம், பயணியின் விடுமுறைப் பணம் ஒரே பைதான். புறப்படும் முன்பே பால்கனி ஏலத்தில் 800 ரிங்கிட் போய்விட்டால், ஜார்ஜ் டவுனில் எட்டு மணி நேரம் சுற்றும்போது அந்தப் பை மெலிந்திருக்கும்.

பயணிகளாகக் கிளம்பும் பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு பாதகம். ஸ்டார் குரூசஸின் சூப்பர்ஸ்டார் லிப்ரா இங்கிருந்தே பயணிகளை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அதன் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. எந்த உத்தரவாதமும் அதைக் கொடுத்த நிறுவனத்தின் ஆயுள்வரைதான் என்பதற்கு அது ஒரு சான்று. இன்று பெரிய கப்பலில் ஏறப் பெரும்பாலும் சிங்கப்பூருக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ போக வேண்டும். கடைசி வாரத்தில் விலை சரியும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவர் சிங்கப்பூர்வாசி. நமக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டலும் அந்தத் தள்ளுபடியைத் தின்றுவிடும். ஆகவே இங்குள்ளவர்கள் முன்கூட்டியே வாங்குகிறார்கள். முன்கூட்டியே வாங்குகிறவருக்கு வரைபடத்தில் நல்ல அறைகள் இன்னும் இருக்கும். எண் இல்லாமல் வாங்க அவருக்குக் காரணம் குறைவு.

▪ பெட்டிச் செய்தி: சட்டம் எதுவரை?
விமானப் பயணிக்கு 2016இல் வந்த மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. கப்பல் அதில் வராது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. 2010 திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளையும் கேள்விக்குள்ளாக்கியது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ஆனால் கப்பல் பஹாமாஸ் கொடியோடு ஓடலாம். வழக்கை எங்கே நடத்துவது என்பதும் டிக்கெட் ஒப்பந்தத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கலாம். உள்ளூர் முகவர் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கி வைப்பது அதனால்தான் முக்கியம்.

‘எல்லாம் விதிமுறையில் இருக்கிறதே’

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, வயது வந்தவர்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தியிருக்கிறார்கள், பிறகென்ன புலம்பல் என்பது. விதிமுறையில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கில ஒப்பந்தத்தில் ஒரு வரி சொல்வதை, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள ‘கியாரண்டி’ என்ற ஒரு சொல் அடித்துவிடுகிறது. தமிழில் உத்தரவாதம் என்றால் ‘இனி நீ கவலைப்படாதே’ என்று பொருள். இந்த டிக்கெட்டில் கவலை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இந்த முறையை இறுக்கினால் மலிவு டிக்கெட் போய்விடும்; முதல்முறை கப்பல் ஏற ஆசைப்படும் ஆசிரியரும் தொழிற்சாலை ஊழியரும்தான் நஷ்டப்படுவார்கள். சரிதான். அறையை நகர்த்தும் சுதந்திரம் நிறுவனத்துக்கு இருப்பதால்தான் அந்த விலை சாத்தியமாகிறது. முறையை ஒழிக்கச் சொல்வது ஏழையின் பெயரால் ஏழைக்கே வாசலை அடைப்பது. கேட்பது பெயர் மாற்றமும் தெளிவும் மட்டுமே. ‘அறை எண் பின்னர்’ என்று எழுதினால் விலை ஒரு சென்கூட ஏறாது.

மூன்றாவது மறுப்பு இங்குள்ள பயண முகவர்கள் சொல்லக்கூடியது. நாங்கள் மட்டும் குறைகளை விளக்கிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் பயந்து, கைப்பேசியில் தானே வாங்கிவிடுவார் என்பது. கைப்பேசியில் ஆளும் எண்ணும் இல்லாத அதே திரைதான் காத்திருக்கிறது. முகவர் கடைக்கு ஆள் ஏறுவதே, பாட்டிக்கு எந்த அறை ஏற்றது என்று கேட்க ஒரு மனிதர் இருக்கிறார் என்பதால்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இயங்கும் ஊர் இது, எஸ்.எம். முகமது இட்ரிஸ் பல்லாண்டுகள் தலைமை தாங்கி, வாங்குவதற்கு முன் லேபிளைப் படிக்கச் சொல்லிப் பழக்கிய ஊர். ரசீதின் மேல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் ஒரு வரி அச்சடிக்க ஒரு ரப்பர் முத்திரை போதும்: ‘அறை எண்ணைக் கப்பல் நிறுவனம் முடிவு செய்யும், அறைகள் அருகருகே இருக்கும் என்று சொல்ல முடியாது, வந்த எண்ணை மாற்ற முடியாது.’ அந்த வரிக்குக் கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. அதைப் படித்துவிட்டும் உள்ளறை உத்தரவாதம்தான் வேண்டும் என்பவர் பலர் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குப் பால்கனியும் கிடைக்கும்.